இடப்பக்க இருக்கை

நுழையும்முன்

கற்பிப்பவர் அருகில் இருக்கும்வரை கற்பவரின் பிழைக்குத் திருத்தம் உண்டு. அவர் எழுந்து சென்றபின் கற்றது மட்டுமே துணை. பிழைக்கு உயிரையே விலையாகக் கேட்கும் ஒரு கல்வியில், ஆசிரியர் எப்போது எழுந்து செல்லலாம்? ஹெலிகாப்டர் ஓட்டக் கற்போரின் தனிப்பறத்தலையும், அதில் நேர்ந்த இழப்புகள் வானூர்தி உலகிற்கு உணர்த்தியவற்றையும் இக்கட்டுரை விளக்குகிறது.

*

வானூர்திப் பயிற்சியில் ஒரு நாள் வரும். அந்நாள் இதுதான் என்று மாணவருக்குப் பெரும்பாலும் முன்கூட்டிச் சொல்வதில்லை. வழக்கம்போல் இருவரும் புறப்படுவர். வழக்கம்போல் வான்திடலைச் சுற்றி வந்து இறங்குவர். தரை தொட்டபின் பயிற்றுநர் தம் இருக்கைப் பட்டையைக் கழற்றுவார். கழற்றிய பட்டையை வெற்றிருக்கையின்மேல் குறுக்கே மாட்டி இறுக்குவார். தளர்ந்து தொங்கும் பட்டை இயக்குபிடிகளில் சிக்கிவிடலாகாது என்பதற்காகச் செய்யும் செயல் அது. பின்னர்க் கதவைச் சாத்திவிட்டு, சுழன்றுகொண்டிருக்கும் இறக்கைகளின்கீழ் குனிந்தபடி, மாணவரின் கண்ணுக்குத் தெரியும் பக்கமாகவே நடந்து விலகுவார். வால்சுழலி இருக்கும் பின்புறம் ஒருவரும் செல்வதில்லை. சற்றுத் தொலைவு சென்றதும் திரும்பி நின்று கட்டைவிரலை உயர்த்துவார்.

மாணவர் முதன்முறையாகத் தனித்திருக்கிறார்.

இதனைத் தனிப்பறத்தல் என்பர். உலகில் வானூர்தி ஓட்டும் ஒவ்வொருவரும் தம் பதிவேட்டில் முதல் தனிப்பறத்தலின் நாளை மறவாது குறித்து வைத்திருப்பர். அமெரிக்காவில் அந்நாளில் மாணவரின் சட்டையின் பின்முனையைக் கத்தரித்து, அதில் நாளையும் பெயரையும் எழுதித் தொங்கவிடும் வழக்கம் உண்டு. வானொலியோ உட்பேசியோ இல்லாத பழைய திறந்த விமானங்களில் மாணவர் முன்னிருக்கையிலும் பயிற்றுநர் பின்னிருக்கையிலும் அமர்வர். மாணவரின் கவனத்தை ஈர்க்கச் சட்டையைப் பிடித்து இழுப்பார் பயிற்றுநர். இனி இழுக்க வேண்டியதில்லை என்பதற்கு அடையாளமாகச் சட்டை வெட்டப்படுகிறதென இதற்குக் காரணம் கூறுவர். மகிழ்ச்சியான சடங்குதான். ஆயினும் இழுப்பதற்கு ஒரு கை பின்னால் இல்லை என்பதும் அதே சட்டைத்துண்டு சொல்லும் செய்தியே.

இரு கைகளும் இரு கால்களும்

விமானமும் ஹெலிகாப்டரும் வானில் செல்பவையே எனினும் அவற்றின் இயல்பு வேறு. நன்கு சமன்செய்யப்பட்ட சிறு விமானத்தில் ஓட்டுநர் பிடியைச் சற்றே விட்டாலும் அது தன்போக்கில் பறந்துகொண்டிருக்கும். பயிற்சிக்குப் பயன்படும் சிறு ஹெலிகாப்டர் அவ்வாறு பொறுத்துக்கொள்ளாது. ஓட்டுநரின் இடக்கை கலெக்டிவ் எனப்படும் நெம்புகோலைப் பற்றியிருக்கும். அதனை உயர்த்தினால் ஊர்தி எழும், தாழ்த்தினால் இறங்கும். அந்நெம்புகோலின் முனையில் மோட்டார் சைக்கிளில் உள்ளதைப் போன்ற முறுக்குப்பிடி ஒன்று பொறியின் வேகத்தை ஆளும். வலக்கையில் சைக்ளிக் எனப்படும் பிடி. அதை எத்திசையில் சாய்க்கின்றாரோ அத்திசையில் ஊர்தி நகரும். இரு கால்களும் மிதிகளின்மேல் நின்று, வால்சுழலியின் வழியே ஊர்தியின் முகத்தைத் திருப்பும். ஒன்றை அசைத்தால் மற்றவற்றையும் அக்கணமே சரிசெய்தாக வேண்டும். அந்தரத்தில் ஓரிடத்தில் அசையாமல் நிற்பதற்கே மாணவர்கள் பல மணி நேரம் பழகுகின்றனர். பார்ப்பவருக்கு ஹெலிகாப்டர் சும்மா நிற்பதாகத் தோன்றும் அந்நேரத்தில்தான் உள்ளிருப்பவரின் நான்கு உறுப்புகளும் ஓயாது உழைக்கின்றன.

உலகெங்கும் பல்லாயிரம் மாணவர்கள் இக்கலையைக் கற்ற ஊர்தி ஆர்-22. அமெரிக்காவின் பெரிய ஹெலிகாப்டர் நிறுவனங்களில் பொறியாளராகப் பணியாற்றிய ஃபிராங்க் ராபின்சன் என்பவர், எளியோரும் வாங்கத்தக்க சிறிய ஹெலிகாப்டர் ஒன்றை உருவாக்க விரும்பினார். பணியாற்றிய இடங்களில் அவ்வெண்ணத்திற்கு ஆதரவு கிட்டவில்லை. 1973-ஆம் ஆண்டில் வேலையை விட்டு, கலிபோர்னியாவிலிருந்த தம் வீட்டிலேயே நிறுவனத்தைத் தொடங்கினார். 1975-இல் ஆர்-22 முதன்முதலாகப் பறந்தது. 1979-இல் அரசின் தகுதிச் சான்று பெற்றது. இருவர் அமரும் கூண்டு, இரண்டே இறக்கைகள் கொண்ட மேற்சுழலி, நான்கு உருளைகள் கொண்ட பெட்ரோல் பொறி. அதன் பிற்கால வடிவமான பீட்டா வகையில், ஆளும் எரிபொருளும் சேர்ந்த மொத்த எடை 622 கிலோகிராமைத் தாண்டலாகாது.

ராபின்சன் இதனைச் சொந்தப் பயணத்துக்கான ஊர்தியாகவே வடிவமைத்தார், பயிற்சிக்கென வடிவமைக்கவில்லை. விலையும் ஓட்டும் செலவும் குறைவாக இருந்தமையால் பயிற்சிப் பள்ளிகள் அதனை விரும்பி வாங்கின. அனுபவம் மிக்கவர் தம் பயணத்துக்கு ஓட்ட வேண்டிய ஊர்தி, அனுபவமே இல்லாதவர் கைகளுக்கு வந்து சேர்ந்தது. பின்னர் நேர்ந்த துயரங்கள் பலவற்றின் வேர் இந்த இடமாற்றத்தில் இருக்கிறது. ஊர்தியைக் குறைகூறுவது எளிது. ஆனால் அதன் மலிவு இல்லையேல் இன்று ஹெலிகாப்டர் ஓட்டுவோரில் பலர் அக்கல்வியின் பக்கமே வந்திருக்க மாட்டார்கள்.

வெற்றிருக்கையின் எடை

ஆர்-22-இல் மாணவர் அமர்வது வலப்பக்கம். பயிற்றுநர் அமர்வது இடப்பக்கம். பெரிய பயணிகள் விமானத்திலிருந்து ஒருவர் இறங்கினால் விமானம் அதனை உணராது. அறுநூறு கிலோகிராம் அளவுள்ள ஊர்தியிலிருந்து எழுபத்தைந்து கிலோகிராம் எடையுள்ள ஒருவர் இறங்கினால், எட்டில் ஒரு பங்கு நீங்கிவிடுகிறது. நீங்குவதும் ஒரே பக்கத்திலிருந்து நீங்குகிறது. ஆகவே தனிப்பறத்தலின் முதல் நொடியிலேயே மாணவர் காண்பது தாம் பழகிய ஊர்தியை அன்று. நெம்புகோலை வழக்கமான அளவு உயர்த்துமுன்னரே அது எழத் தொடங்குகிறது. இடக் கால்தண்டு முதலில் தரையை விடுகிறது. அந்தரத்தில் கூண்டு வலப்பக்கம் சற்றுத் தாழ்ந்து தொங்குகிறது. சமன்செய்ய, சைக்ளிக் பிடியை நேற்றுவரை வைத்த இடத்தைவிட இடப்புறம் வைக்க வேண்டியிருக்கிறது.

நல்ல பயிற்றுநர் இவற்றை முன்னரே சொல்லியிருப்பார். சொல்லக் கேட்டிருப்பதும், கூண்டு உண்மையாகவே சாயும்போது கை அமைதியாக இருப்பதும் ஒன்றல்ல. கால்தண்டுகளுள் ஒன்று புல்வேரிலோ சேற்றிலோ சிக்கியிருக்கும் நிலையில் நெம்புகோல் உயர்த்தப்பட்டால், ஊர்தி அந்தக் காலையே கீலாகக் கொண்டு பக்கவாட்டில் உருளத் தொடங்கும். அப்போது மனிதக் கை என்ன செய்ய விரும்பும்? தரையே பகை எனக் கருதி, அதனைவிட்டு மேலே எழ விரும்பும். நெம்புகோலை இன்னும் உயர்த்தும். உயர்த்திய விசை உருளலை விரைவுபடுத்தி ஊர்தியைக் கவிழ்த்துவிடும். செய்ய வேண்டியது நேர்மாறானது. நெம்புகோலைப் பதறாமல் தாழ்த்தித் தரையிலேயே அமர்ந்துவிட வேண்டும்.

ஹெலிகாப்டர்க் கல்வியின் கடினம் முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது. கை கால்களுக்குப் புதிய அசைவுகளைக் கற்பிப்பது அதில் எளிய பகுதி. அச்சத்தில் கை தானாகச் செய்ய விழைவதைச் செய்யாமலிருக்கக் கற்பிப்பதே அரிய பகுதி.

சுழலியின் வேகம் குறையும்போது நிகழ்வதும் இத்தகையதே. ஆர்-22-இன் இறக்கைகள் எடை குறைந்தவை. நிமிடத்திற்கு ஐந்நூறு முறைக்குமேல் சுழலும் அவை, பெரிய ஹெலிகாப்டரின் கனத்த இறக்கைகளைப் போல வேகத்தைச் சேமித்து வைத்திருப்பதில்லை. பொறி நின்றால், ஏறத்தாழ ஒரு நொடிக்குள் நெம்புகோலைத் தாழ்த்தியாக வேண்டும். தாழ்த்தினால், சிறகுள்ள விதை சுழன்றபடி மண்ணில் இறங்குவதைப் போல, கீழிருந்து வரும் காற்றே சுழலியைச் சுழற்ற, ஊர்தி பாதுகாப்பாக இறங்கிவிடும். பொறி நிற்காமல் சுழற்சி மட்டும் தளர்ந்தாலும் மருந்து அதுவே: நெம்புகோலைத் தாழ்த்து, முறுக்குப்பிடியைத் திருகு. எச்சரிக்கை ஒலி காதில் அலறும், ஊர்தி கீழ்நோக்கி இறங்கும், தரை நெருங்கும். அந்நிலையில் கை நெம்புகோலை மேலே இழுக்கத் துடிக்கும். இழுத்தால் இறக்கைகளின் சாய்வு மிகும். காற்றின் தடை மிகும். சுழற்சி மேலும் தளரும். மேட்டில் மிதிக்க முடியாமல் திணறும் மிதிவண்டியின் பின்னிருக்கையில் இன்னொருவரை ஏற்றிக்கொள்வது போன்ற செயல் அது. வழக்கமான சுழல்வேகத்தில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்குக்குக் கீழே சென்றுவிட்டால் இறக்கைகள் தூக்கும் ஆற்றலை இழக்கின்றன. அதற்குப்பின் எந்தப் பிடியும் பயன்படாது.

செய்து காட்ட முடியாத பாடம்

மேற்சொன்ன இரு இடர்களையும் பயிற்றுநர் ஓரளவு செய்து காட்டலாம். போதிய உயரத்தில் சுழற்சியைச் சற்றே தளரவிட்டு, எச்சரிக்கை ஒலியைக் கேட்கச் செய்து, மீட்டெடுக்கும் முறையைக் கையைப் பிடித்துப் பழக்கலாம். மூன்றாவதாக ஓர் இடர் உண்டு. அதனை ஒருவரும் எவருக்கும் செய்து காட்டலாகாது.

ஆர்-22-இன் இரு இறக்கைகளும் தராசுக் கோலைப் போல நடுவே ஒரு கீலில் ஆடும்படி சுழல்தண்டின் உச்சியில் பொருத்தப்பட்டுள்ளன. கூண்டோ, கிளையில் தொங்கும் தூக்கணாங்குருவிக் கூட்டைப் போல அச்சுழலியிலிருந்து தொங்குகிறது. கூட்டின் பாரம் கிளையை இழுத்துக்கொண்டிருக்கும்வரை எல்லாம் ஒழுங்காக இருக்கும். சுழலி சாயும் பக்கம் கூண்டும் சாயும். உயர்ந்து செல்லும் ஊர்தியின் முகத்தைத் திடீரென முன்னால் அழுத்தினால், ஓட்டுநர் இருக்கையிலிருந்து மேலெழுவதைப் போன்ற எடையற்ற நிலையை உணர்வார். கயிற்றில் கட்டிய கல்லைக் கையோடு சட்டெனக் கீழிறக்கினால் கயிறு தளர்வதைப் போல, சுழலிக்கும் கூண்டுக்கும் இடையேயான இழுவிசை அக்கணம் தளர்ந்துவிடுகிறது. வால்சுழலியின் விசை மட்டும் தொடர்ந்து தள்ளிக்கொண்டிருப்பதால் கூண்டு வலப்பக்கம் உருள்கிறது.

வலப்பக்கம் உருளும் ஊர்தியை நிமிர்த்த, எந்தக் கையும் பிடியை இடப்பக்கம் சாய்க்கும். இதுவரை பறந்த ஒவ்வொரு நிமிடமும் அக்கைக்குக் கற்பித்ததும் அதுவே. இம்முறை சுழலி இடப்பக்கம் சாய்கிறது. இழுவிசை இல்லாமையால் கூண்டு அதனைப் பின்பற்றுவதில்லை. சாய்ந்த சுழலியின் மையப்பகுதி சுழல்தண்டில் மோதுகிறது. தண்டு முறியும், அல்லது இறக்கை கூண்டையோ வாலையோ வெட்டும். தொடக்கம் முதல் முடிவு வரை ஓரிரு நொடிகள். சரியான செயல், பிடியை முதலில் மெல்லப் பின்னால் இழுத்துச் சுழலிக்கு மீண்டும் பாரத்தை அளித்து, அதன்பின்னரே உருளலைத் திருத்துவது. ஊர்தி சாய்ந்துகொண்டிருக்கும்போது சாய்வைக் கவனியாமல் வேறொன்றைச் செய் என்று கைக்குக் கட்டளையிட வேண்டும்.

இரண்டு இறக்கைகள் கொண்ட பிற ஹெலிகாப்டர்களும் இவ்விடருக்கு உட்பட்டவையே. அமெரிக்கத் தரைப்படை இவ்வகை விபத்துகளில் வீரர்களை இழந்திருக்கிறது. எத்தகைய திறமையாளரும் இதனைச் செய்து பார்க்கவோ செய்து காட்டவோ கூடாது என்று ராபின்சன் நிறுவனம் 1982-லேயே பாதுகாப்பு அறிவிப்பாக எழுதியது. ஆகவே இப்பாடம் சொல்லாலும் படத்தாலும் மட்டுமே கற்பிக்கப்படுகிறது. தரையில், பொறி நின்ற கூண்டில் அமர்ந்து, பிடியை மெல்லப் பின்னால் இழுத்துப் பழகலாம். உண்மையான எடையின்மையில் அக்கை எவ்வாறு நடந்துகொள்ளும் என்பதை எந்த ஆசிரியரும் சோதித்தறிய இயலாது. நீச்சலை நீரில் இறங்காமல் கற்பிக்க முடியாது என்பர். அதனினும் கடினமான ஒன்றை இப்பயிற்றுநர்கள் சொல்லை மட்டும் நம்பிக் கற்பிக்கின்றனர்.

இருபது மணி நேரம்

1992-ஆம் ஆண்டு ஜூன் மாதம். கலிபோர்னியாவில் ரிச்மண்ட் நகருக்கு அருகே சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின்மேல் ஓர் ஆர்-22 பயிற்சிக்காகப் பறந்துகொண்டிருந்தது. உள்ளே அனுபவம் மிக்க பயிற்றுநர் ஒருவரும், நான்கு மணி நேரமே பயின்றிருந்த மாணவர் ஒருவரும். பாடம் ஒரு சிறு ஒலிநாடாவில் பதிவாகிக்கொண்டிருந்தது. விபத்துக்குப்பின் புலனாய்வாளர்கள் அந்நாடாவைக் கேட்டனர். பயிற்றுநரின் குரல் பதற்றமின்றி, வகுப்பில் பேசும் குரலாகவே இருந்தது. ஒரு தொடரைச் சொல்லிக்கொண்டிருக்கையில், அது முடிவதற்குள் அக்குரல் அறுந்தது. சுழலியின் இறக்கை ஊர்தியின் உடலையே தாக்கியிருந்தது. இருவரும் உயிரிழந்தனர்.

எந்திரக் கோளாறு எதுவும் கண்டறியப்படவில்லை. சுழலி தன் தளத்தைவிட்டு விலகியதற்கான காரணத்தை உறுதிசெய்ய இயலவில்லை என்றே அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் எழுதியது. புலனாய்வு அமைப்பொன்று தனக்குத் தெரியாததைத் தெரியாது என எழுதிவைப்பது பலவீனமாகத் தோன்றக்கூடும்; இவ்விடத்தில் அதுவே பயன்தந்தது. காரணம் தெரியவில்லை என்பதனால் வாரியம் நின்றுவிடாமல், ஆர்-22-இன் சுழலி கட்டுப்பாடிழந்த முந்தைய விபத்துகள் பலவற்றையும் ஒன்றுசேர்த்து ஆராய்ந்து, 1996-இல் தனி அறிக்கை வெளியிட்டது. பெரியதும் திடீரென்றதுமான கையசைவுகளுக்கு இச்சிறு ஊர்தியின் சுழலி மிக விரைவாக எதிர்வினை காட்டுகிறது என்பதும், மீட்பதற்கான நேரம் மிகக் குறுகியது என்பதும் அவ்வாராய்ச்சியால் தெளிவாயின. பயிற்றுநரே அருகிலிருந்தும் தடுக்க இயலாத ஒன்றை, அருகில் எவருமில்லாத மாணவர் எவ்வாறு எதிர்கொள்வார்?

அமெரிக்க வானூர்தி நிருவாகம் 1995-லேயே சிறப்பு விதி ஒன்றைப் பிறப்பித்திருந்தது. அந்நாட்டின் பொதுவிதிகள் தனிப்பறத்தலுக்கு முன் இத்தனை மணி நேரம் பயில வேண்டும் என வரையறுப்பதில்லை. மாணவரின் தகுதியை அறிந்த பயிற்றுநரின் முடிவுக்கே அதனை விட்டுவிடுகின்றன. ஆர்-22-ஐப் பொறுத்தவரை அச்சிறப்பு விதி ஓர் எல்லையை வகுத்தது. ஹெலிகாப்டர் உரிமம் இல்லாத மாணவர், பயிற்றுநருடன் 20 மணி நேரமாவது அவ்வூர்தியில் பறந்த பின்னரே தனியே பறக்கலாம். சுழல்வேகம் தளர்வதை உணர்ந்து மீட்டல், பொறியின் துணையின்றி இறங்குதல், எடையற்ற நிலையின் இடர் ஆகியவற்றைத் தனியே கற்பித்து, கற்பித்ததாகப் பயிற்றுநர் எழுதிக் கையொப்பமிடவும் வேண்டும். சுழலியின் வேகத்தைத் தானே ஒழுங்குசெய்யும் கருவியும் இவ்வூர்திகளில் கட்டாயமாயிற்று.

இருபது மணி நேரம் என்பது பெரிய அளவன்று. பள்ளி நாள்கள் நான்கில் முடிந்துவிடும் காலம். இருபதாம் மணியில் மாணவரின் கை மாறிவிடுகிறது என்றும் பத்தொன்பதாம் மணியில் மாறியிருக்காது என்றும் எவரும் கூற முடியாது. ஆயினும் எல்லை என ஒன்று இருப்பது பயிற்றுநருக்குப் பாதுகாப்பு. ஒவ்வொரு மணி நேரத்துக்கும் பணம் செலுத்தும் மாணவர், ‘என்னை எப்போது தனியே விடுவீர்கள் ஐயா?’ என்று கேட்கும்போது, விரைவாக விட்டுவிடும் ஆசிரியரே நல்லவர் என்னும் எண்ணம் அப்பள்ளிகளில் எழாமல் அவ்வெண் காக்கிறது.

கையொப்பம்

இவ்வளவுக்குப் பின்னரும் தனியே பறந்த மாணவர்கள் உயிரிழந்த நிகழ்வுகள் பல நாடுகளின் விபத்து ஆவணங்களில் உள்ளன. அத்தகைய விபத்தின் புலனாய்வு ஏனையவற்றினும் கடினமானது. உள்ளே இருந்தவர் ஒருவரே, அவரும் இல்லை. பெரிய விமானங்களில் உள்ள கறுப்புப்பெட்டி இச்சிறு ஊர்திகளில் பெரும்பாலும் இருப்பதில்லை. புலனாய்வாளர் சிதைந்த உலோகத்தைப் படிக்கிறார். இறக்கை எப்பக்கம் வளைந்துள்ளது, சுழல்தண்டில் மோதிய தழும்பு உள்ளதா, இறக்கையின் முனையில் வாலின் வண்ணப்பூச்சு ஒட்டியுள்ளதா என நோக்குகிறார். எச்சரிக்கை விளக்கின் உள்ளிழை நீண்டிருந்தால், மோதிய கணத்தில் அவ்விளக்கு எரிந்துகொண்டிருந்தது என அறிகிறார். அன்றைய காற்றின் வேகம், எரிபொருளின் அளவு, ராடாரில் பதிந்த புள்ளிகள் என ஒவ்வொன்றாகச் சேர்க்கிறார். இறுதியாக மாணவரின் பறத்தல் பதிவேட்டைத் திறக்கிறார்.

அப்பதிவேட்டில் ஒவ்வொரு பாடமும் நாளும் நேரமும் குறிக்கப்பட்டிருக்கும். இம்மாணவர் தனியே பறக்கத் தகுதியுடையவர் என எழுதி, அதன்கீழ்ப் பயிற்றுநர் இட்ட கையொப்பமும் இருக்கும். அமெரிக்க விதிப்படி அவ்வொப்பம் 90 நாள்களுக்கே செல்லும். பின்னர் மீண்டும் உடன்பறந்து பார்த்தே புதுப்பிக்க வேண்டும். தேர்வுத்தாளில் மதிப்பெண் இட்டு ஒப்பமிடும் ஆசிரியர்களுக்கும் இவ்வொப்பத்துக்கும் உள்ள தொலைவு மிகப் பெரிது. அதை இட்டவர் அன்று வான்திடலின் ஓரத்தில் நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்திருக்கக்கூடும். தம்மால் ஒன்றும் செய்ய இயலாத தொலைவில், தாம் கற்பித்த கைகள் என்ன செய்கின்றன என்பதைப் பார்த்தபடி நிற்பதே தனிப்பறத்தலில் ஆசிரியரின் பங்கு.

விபத்துப் புலனாய்வின் நோக்கம் இனியொரு விபத்தைத் தடுப்பது மட்டுமே. பழியையோ பொறுப்பையோ சுமத்துவது அன்று எனப் பன்னாட்டு விதி வரையறுத்துள்ளது. மகனையோ மகளையோ இழந்த பெற்றோருக்கு இவ்விதி முதலில் ஆறுதல் தராது. எவர் தவறு என்றே அவர்களின் உள்ளம் கேட்கும். அக்கேள்வியில் நியாயமும் உண்டு. ஆனால் பழிக்கு அஞ்சும் பயிற்றுநர் உண்மையைச் சொல்லத் தயங்குவார். எந்தப் பாடத்தில் மாணவர் தடுமாறினார், எதனைச் சொல்லாமல் விட்டோம் என்பவற்றை அவர் சொன்னால்தான் அடுத்த மாணவருக்கான விதியை எழுத முடியும்.

அவ்வாறாயின் தனிப்பறத்தலையே நீக்கிவிடலாகாதா என்னும் வினா எழுவது இயல்பு. அமெரிக்காவில் ஹெலிகாப்டர் உரிமம் பெற விரும்புவோர் குறைந்தது 10 மணி நேரம் தனியே பறந்திருக்க வேண்டும் என்பது விதி. உரிமம் பெற்றபின் ஒருநாள் அவர் தனியே பறக்கத்தான் போகிறார். அந்நாளில் மழை மேகம் குறுக்கிட்டால், திரும்புவதா இறங்குவதா என்பதை அவரே முடிவுசெய்ய வேண்டும். அருகில் மூத்தவர் இருக்கும்வரை, அவர் வாய் திறவாவிட்டாலும், முடிவு அவருடையதாகவே இருக்கும். இடப்பக்க இருக்கை வெறுமையாகும்போதுதான் மாணவர் முதன்முதலாக ஒரு முடிவை எடுக்கிறார். இதனை வேறு எவ்வகையிலும் கற்பிக்க வழி காணப்படவில்லை.

வானொலியில் ஒரு சொல்

தனியே பறப்பவர் உண்மையில் முற்றும் தனித்தவரல்லர். அவர் காதில் கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் குரல் ஒலித்துக்கொண்டிருக்கிறது. அக்குரலுக்கு உரியவர் ஓட்டுநரின் முகத்தைக் காண்பதில்லை. ஊர்தியின் எண் மட்டுமே அவருக்குத் தெரியும்; உள்ளே முப்பதாண்டு அனுபவம் உடையவர் இருக்கிறாரா, நேற்றுத்தான் முதன்முதலாகத் தனியே பறந்த மாணவர் இருக்கிறாரா என்பது தெரியாது.

இது எத்துணைப் பெரிய குறை என்பது 2006-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் சவுத்எண்ட் வான்திடலில் புலப்பட்டது. அங்கே விபத்துக்குள்ளானது ஹெலிகாப்டர் அன்று. இருவர் அமரும் சிறு விமானம். பதின்பருவ மாணவர் ஒருவர் தம் இரண்டாம் தனிப்பறத்தலில் தரையிறங்க நெருங்கிக்கொண்டிருந்தார். பின்னால் அதனினும் விரைவான விமானம் ஒன்று வந்துகொண்டிருந்தது. கோபுரத்திலிருந்து, இறங்குவதைக் கைவிட்டு விலகிச் செல்லுமாறு அவருக்கு அறிவுறுத்தல் வந்தது. பழகிய ஓட்டுநருக்கு அது சிறு தொல்லை, அவ்வளவே. அம்மாணவர் பயின்றிராத சூழல் அது. தாழ்ந்த உயரத்தில், குறைந்த வேகத்தில் திரும்புகையில் விமானம் தாங்குவிசையை இழந்து அருகிலிருந்த பூங்காவில் விழுந்தது. மாணவர் உயிரிழந்தார். கோபுரத்தில் இருந்தவர் கொடிய செயல் எதுவும் செய்துவிடவில்லை. வழக்கமான பணியைச் செய்தார். கற்றுக்கொண்டிருக்கும் ஒருவரிடம், கற்று முடித்தவரிடம் பேசுவதைப் போலப் பேசினார் என்பதே நிகழ்ந்தது.

பிரித்தானியப் புலனாய்வாளர்கள் அளித்த பரிந்துரைகளின் பயனாக, அந்நாட்டு வானொலி நடைமுறையில் ஒரு சொல் சேர்ந்தது. தனியே பறக்கும் மாணவர் கோபுரத்தை அழைக்கும்போது, ஊர்தியின் அழைப்புக்குறிக்கு முன்னால் ‘ஸ்டூடண்ட்’ என்னும் சொல்லைச் சேர்த்துச் சொல்கிறார். விமானத்தில் இருந்தாலும் ஹெலிகாப்டரில் இருந்தாலும் நடைமுறை ஒன்றே. அச்சொல்லைக் கேட்டதும் கட்டுப்பாட்டாளர் தம் பேச்சின் வேகத்தைக் குறைக்கிறார். ஒரு நேரத்தில் ஓர் அறிவுறுத்தலையே தருகிறார். இயன்றவரை மாணவரின் வழியை மாற்றாமல், பின்னால் வரும் அனுபவசாலியை ஒரு சுற்றுச் சுற்றி வரச் சொல்கிறார். அவரும் மறுப்பதில்லை. அவருடைய பதிவேட்டின் முதற்பக்கங்களிலும் அப்படியொரு நாள் குறிக்கப்பட்டிருக்கிறது.